வைத்தியரின் நம்பிக்கையும் கம்பெனியின் சரக்கும்

மில்டவுன் என்ற மனச்சாந்தி மாத்திரை 1955ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளிவந்து, சீக்கிரத்திலேயே மருந்துக் கடைக்காரர்கள் ‘மில்டவுன் இருப்பு இல்லை’ என்று வாசலில் எழுதி ஒட்டும்படியாக விற்றுத் தீர்ந்த சரித்திரத்தை வாசிப்பவர்களுக்கு, மயங்கியவர்கள் பாமர ஜனங்களே என்று எண்ணத் தோன்றும். ஆனால் வைத்தியரின் சீட்டில்லாமல் அதை வாங்க முடியாதாகையால், முதலில் வசப்பட்டவர்கள் வைத்தியர்களே.

அதைக் கண்டுபிடித்த பிராங்க் பெர்கர் போலி விஞ்ஞானி அல்லர். இங்கிலாந்தில் பெனிசிலினைக் கெடாமல் காக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு ரசாயனம் சுண்டெலிகளை நினைவு தப்பாமலே தளர்ந்து கிடக்கச் செய்ததைக் கவனித்தவர் அவர்; அந்த வழியில் பிறந்ததே மில்டவுன். ஆனால் அதைச் சிபாரிசு செய்த ஆரம்ப அறிக்கைகள், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பாராதவை. பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்தை அளவு மீறி உட்கொண்டு மாண்டவர்களைக் கண்டு அஞ்சியிருந்த வைத்தியருக்கு, அபாயம் குறைந்தது என்று பெயர் பெற்ற மருந்து கைக்கு வந்ததும் உண்டான உற்சாகம், அவர் குரலிலும் முகத்திலும் புலப்பட்டு, நோயாளியின் கலக்கத்தில் பாதியை அங்கேயே தீர்த்திருக்கும்; அந்தக் குணம் முழுவதையும் மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட வைத்தியர், அடுத்த நோயாளிக்கு இன்னும் திடமாக எழுதிக் கொடுத்திருப்பார். கம்பெனிகள் விற்றது இந்த நம்பிக்கையைத்தான் என்பது என் அபிப்பிராயம். 1958இல் லாடீஸ், வைஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்த அறிக்கைகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, பலனுக்குத் தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

அதே வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய அமெரிக்க வைத்திய சங்க மாநாட்டில், மில்டவுனை விற்ற கம்பெனியார் ஸால்வடார் டாலி என்ற ஓவியருக்கு 35,000 டாலர் கொடுத்துப் பெரியதொரு புழுக்கூட்டைச் சமைக்கச் செய்து, கலக்கம் சாந்தமாக மாறுவதை உள்ளே நுழைந்து அனுபவிக்கும்படி வைத்தியர்களை அழைத்தார்கள். (பட்டம் பெற்ற கனவான்கள் வரிசையாகப் புழுக்கூட்டுக்குள் நுழைந்த காட்சியை நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.) தன் பத்திரிகையில் விளம்பரமாகும் மருந்துகளைப் பரிசீலித்து முத்திரை அளித்து வந்த அச்சங்கமோ, 1955லேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டிருந்தது.

1963இல் ரோஷ் கம்பெனி வெளியிட்ட வேலியம் என்ற மற்றொரு மனச்சாந்தி மாத்திரைக்கு விளம்பரம் வகுத்த ஆர்தர் ஸாக்லர் தாமே ஒரு மனநோய் வைத்தியர். சக வைத்தியரின் மனம் எவ்விடத்தில் இளகும் என்பதை அறிந்த அவர், அவர்களுக்கு இலவசமாகச் செல்லும் பத்திரிகை ஒன்றையும் நடத்தினார். 1978இல் மட்டும் 200 கோடிக்கு மேற்பட்ட வேலியம் மாத்திரைகள் விற்பனையாயின. மறு வருஷம் செனட்டர் எட்வர்ட் கென்னடி நடத்திய விசாரணையில், அந்த மாத்திரையை விடமுடியாமல் அவதிப்பட்டதைச் சாட்சியாகச் சொல்ல வந்தவர்களில் வைத்தியரும் இருந்தார்.