பிசிறு நீக்கும் ஊசி அரம்: இலக்கம் பார்த்து வாங்குங்கள்

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் யாத்திரிகர்களை நம்பிப் பித்தளைச் சிறுவிளக்கு, சிற்றுருவம் வைத்து விற்க எண்ணும் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்ப்பு அச்சின் இரு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். விரலில் கீறினால் வாங்க வந்தவர் பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவார். மொத்தமாக எடுக்கும் சரக்கில் இது சிலவற்றில் இருக்கத்தான் செய்யும்.

இதற்கு ஊசி அரம் போதும். ஆனால் பத்து அரம் ஒரே பையில் என்று மலிவாக வருவதில் பெரும்பாலும் பல்லே ஒழுங்காக வெட்டப்பட்டிருக்காது. வைரத்தூள் பூசிய அரம் கண்ணாடிக்கும் கடினமான உருக்குக்கும் நல்லது. காரீயம், வெள்ளீயம் போன்ற மெல்லிய உலோகத்தில் விரைவில் அடைத்துக்கொள்ளும். சுவிஸ் முறையில் பல்லின் நெருக்கத்துக்கு இலக்கம் உண்டு. 0 முரடு, 2 நடுத்தரம், 4 நுண்மை. பித்தளைக்கு 2ஆம் இலக்கத்தில் தட்டை, அரைவட்டம், முக்கோணம் என மூன்று வாங்கினால் போதும்.

அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும்; இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும். முதலில் வெண்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் தூள் அவ்வளவாக ஒட்டாது. காரீயத்தில் பிடித்த அரத்தை நகைவேலைக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒட்டியிருக்கும் காரீயம் சூடேறும்போது பொன்னிலும் வெள்ளியிலும் குழி விழுத்தும். பிறகு பத்தரிடம் பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

தீவகத்தில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. ஊர்காவற்றுறையானாலும் நெடுந்தீவானாலும் அரங்களைத் தனித்தனியே கடதாசியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். விற்பனைக்கு எடுப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுக்கலாம். துருவேறிய அரத்தைப் பாதி விலைக்கும் எவரும் கேட்கமாட்டார்கள்.