வெளிச்சத்திலும் இருளிலும் கண் எனும் அருட்கொடை

 

நண்பகல் வேளையில் வேலணை சாட்டிக் கடற்கரையில் நின்றுவிட்டு, சாளரங்கள் அடைக்கப்பட்ட வீடொன்றினுள் நுழைந்திருக்கிறீர்களா? மணலில் பட்டுத் தெறித்த வெயிலுக்குப் பழகிய கண்களுக்கு முதலில் எதுவுமே புலப்படாது. பாய் எங்கே, குடம் எங்கே என்று தடவித் தேட வேண்டியிருக்கும். சற்று நேரத்தின் பின் சுவரும் கதவும் ஒவ்வொன்றாகத் தெளிவடையும். அங்கு எவரும் விளக்கேற்றவில்லை. மாறியது அறையன்று, உங்கள் கண்ணே.

இம்மாற்றம் இரு வழிகளில் நிகழ்கின்றது. முதலாவது கண்மணியின் வேலை. அதனைச் சூழ்ந்துள்ள கதிராளி, கடும் ஒளியில் அத்துவாரத்தை ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகச் சுருக்கும். இருளில் இளைஞர்களுக்கு 8 மில்லிமீற்றர் வரை விரிக்கும். இதனால் உட்புகும் ஒளி 16 மடங்கு வரை கூடும். ஆனால் நண்பகல் வெயிலுக்கும் நட்சத்திர ஒளிக்கும் இடையிலான வேறுபாடு கோடி மடங்கிலும் அதிகம். எனவே கண்மணி மட்டும் போதாது.

மீதிப் பணியை விழித்திரை செய்கின்றது. அங்கு ஏறத்தாழ 60 இலட்சம் கூம்புக் கலங்களும், 12 கோடி கோல் கலங்களும் உள்ளன. கூம்புகள் நல்வெளிச்சத்தில் நிறங்களைக் காட்டுகின்றன. கோல்கள் மங்கிய ஒளியில் உருவங்களைக் காட்டுகின்றன. கோல்களிலுள்ள றொடொப்சின் எனும் பொருள் கடும் ஒளி பட்டவுடன் வெளிறிப் போகும். இருளில் மெல்ல மெல்ல மீண்டும் உருவாகும். ஒளிக்குப் பழகச் சில நிமிடங்கள் போதும். இருளுக்கு முழுமையாகப் பழக 30 முதல் 40 நிமிடங்கள் வரை செல்லும். வீட்டைக் கட்டுவதற்கு மாதங்கள் வேண்டும், இடிப்பதற்கு ஒரு நாள் போதும் என்பதைப் போன்றதே இது.

சகோதரர்களே! இவ்விடயத்தைக் கூர்ந்து நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர் நமது அறிஞர் இப்னுல் ஹைதம் ஆவார். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த அவர், ‘கிதாபுல் மனாஸிர்’ எனும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. அவரோ, பிரகாசமான ஒளியைப் பார்த்தால் கண் வேதனைப்படுவதையும், அதன்பின் இருண்ட இடத்தை நோக்கினால் அவ்வொளியின் வடிவம் கண்ணில் நிலைத்து நிற்பதையும் எடுத்துக்காட்டினார். வெளியிலுள்ள ஒளி கண்ணின்மீது செயற்படுகிறது என்பதற்கு இவற்றை ஆதாரமாக்கினார். சாட்டி மணலில் நீங்கள் உணர்வதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர் அறிவாக மாற்றினார்.

இவ்வறிவு நம் உயிரோடும் தொடர்புடையது. இளைஞர்களே! யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக இரவில் வேலணைக்குத் திரும்பும்போது இருபுறமும் கடல். எதிரே வரும் வாகனத்தின் உயர்ந்த விளக்கொளி கண்ணில் பட்டால், வாகனம் கடந்த பின்னரும் சில கணங்கள் பாதை தெரியாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள், ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். மூன்று செக்கன்கள் கண் தெரியாவிடின், 42 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். அத்தூரத்தில் விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் ஒரு தந்தை வந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே எதிரே வாகனம் கண்டால் உங்கள் விளக்கைத் தாழ்த்துங்கள். அவர் தாழ்த்தாவிட்டாலும் நீங்கள் தாழ்த்துங்கள். வேகத்தைக் குறைத்து, பார்வையைப் பாதையின் இடது ஓரத்தில் செலுத்துங்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். பிறர் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியும் அத்தகைய தொல்லையன்றோ?

பெற்றோர்களே! முதியோரின் கண்மணி இளமையிற்போல விரிவதில்லை. அவர்களின் கண் இருளுக்குப் பழகவும் அதிக நேரம் எடுக்கும். ஸுப்ஹுக்கு எழும் முதியோர் வுழூச் செய்யச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள்.

மாலையானதும் பிள்ளை தடுமாறினால், சோம்பல் என்று ஏசாதீர்கள். றொடொப்சின் உருவாவதற்கு விற்றமின் ஏ அவசியம். அது குறைந்தால் மாலைக்கண் நோய் ஏற்படும். முருங்கைக்கீரை, கரட், பூசணி, பப்பாசி, முட்டை ஆகியவற்றை உணவில் சேருங்கள். எனினும் வேறு காரணங்களும் இருக்கக்கூடுமாதலால், பிள்ளையைத் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

மனிதனுக்கு இரு கண்கள் வழங்கப்பட்டதை ‘அல்பலத்’ அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். பார்வையைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்பதையும் திருக்குர்ஆன் உணர்த்துகின்றது. எதைப் பார்த்தோம் என்ற கேள்வி நமக்கு உண்டு. பிறர் பார்வையை மறைத்தோமா என்பதையும் நாமே நம்மிடம் இன்று கேட்டுக்கொள்வோம். இந்த அருட்கொடையைப் பேணி, பிறர் கண்ணுக்கும் தீங்கிழைக்காது வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.