பிள்ளைகள் கற்ற ஊடக அறிவுக்குச் சான்று எங்கே?

தாயகத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. கைத்தொலைபேசியில் ஒளிப்படம் ஒன்றும் கூடவே வந்து விழுகிறது. அது இன்றைய படமா, பத்தாண்டுகளுக்கு முந்திய படமா, வேறொரு நாட்டின் படமா என்று தேடிப் பார்த்துச் சொல்பவர்கள் யேர்மனியில் வாழும் எமது குடும்பங்களில் பெரும்பாலும் பிள்ளைகளே. இதனை நாம் ஓர் அறிவாகக் கருதுவதில்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதுபோன்ற வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். யேர்மனிய இளையோர் பணித்துறையோ இதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறது. ‘மெடியன்கொம்பெற்றென்ஸ்’ என்பது அப்பெயர். ஊடகத் தகைமை என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

இக்கருத்துக்கு அடித்தளம் இட்டவர் பீலவெல்ட் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக விளங்கிய டீற்றர் பாக்க (1934–1999) ஆவார். ஊடகங்களை விமர்சன நோக்குடன் அணுகுதல், அவை இயங்கும் முறையை அறிந்திருத்தல், அவற்றைப் பயன்படுத்தல், தாமே ஆக்குதல் என்று நான்கு கூறுகளாக அவர் இத்தகைமையை வகுத்தார். எமது பெற்றோர் கவலைப்படுவது மூன்றாவது கூறு பற்றி மட்டுமே. அதிலும் எத்தனை மணிநேரம் பார்க்கிறாய் என்பதற்கு அப்பால் கேள்வி செல்வதில்லை. என்ன பார்க்கிறாய், அதை யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று கேட்கும் வீடுகள் குறைவு.

அக்கேள்விகளைக் கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு 2016 சனவரியில் பேர்லினில் நடந்த நிகழ்வொன்று சான்றாகும். மார்சான் பகுதியில் வாழ்ந்த, ரஷ்யப் பின்னணி கொண்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தி ஏறத்தாழ முப்பது மணிநேரம் காணாமற் போயிருந்தாள். வெளிநாட்டவர் அவளைக் கடத்திக் கெடுத்தனர் என்று ரஷ்ய அரசின் செல்வாக்குக்கு உட்பட்ட தொலைக்காட்சி செய்தி ஒளிபரப்பியது. ரஷ்ய மொழி பேசும் குடும்பங்களின் கைத்தொலைபேசிகள் வழியே அச்செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. அரசுத் தலைவியின் அலுவலகத்தின் முன்னும் பல நகரங்களிலும் மக்கள் திரண்டனர். ரஷ்ய வெளிநாட்டு அமைச்சர் லாவ்றோவும் அதுபற்றிப் பகிரங்கமாகப் பேசினார். கைத்தொலைபேசித் தரவுகளை ஆராய்ந்த பொலிசார், சிறுமி கடத்தப்படவில்லை என்றும் அவ்வேளையில் தனக்கு அறிமுகமான ஒருவரது வீட்டிலேயே இருந்தாள் என்றும் கண்டறிந்தனர். ஆயினும் அதற்கிடையில் சீற்றம் வீதிக்கு வந்துவிட்டது.

இந்நிகழ்வு எமக்கு அந்நியமானதன்று. வந்த நாட்டின் மொழி முழுமையாக வசப்படாமல், தாய்மொழித் தொலைக்காட்சியை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு சமூகம் எவ்வளவு எளிதில் தூண்டிவிடப்படும் என்பதை அது காட்டிற்று. அச்சமூகத்தின் இடத்தில் எம்மை வைத்துப் பார்ப்பது கடினமன்று. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்கள் மீது வன்முறை ஏவப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் பரவுவதைத் தடுப்பதற்கென அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் தளம் அதற்குப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

இன்னொன்றையும் அகதிகளாகிய நாம் மறத்தலாகாது. இவ்வகைப் பொய்களுக்கு முதலில் இலக்காகின்றவர்களும் நாமே. 2015இல் பேர்லினில் அன்றைய அரசுத் தலைவி மேர்க்கலுடன் சேர்ந்து படமெடுத்துக்கொண்ட சிரிய அகதி இளைஞர் ஒருவரின் படம், பின்னர் 2016இல் பிறசெல்ஸ், பேர்லின் தாக்குதல்களோடு அவரைத் தொடர்புபடுத்தும் பொய்யுரையுடன் பரப்பப்பட்டது. அப்பதிவுகளைத் தேடி நீக்குமாறு முகநூலைப் பணிக்கவேண்டும் என்று அவர் வூர்ட்ஸ்பூர்க் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2017 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. அவர் எடுத்துக்கொண்ட படம் உண்மையானதே. அதனோடு சேர்க்கப்பட்ட வரிகளே பொய்.

இதனைப் பிள்ளைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பது? அறிவுரையால் முடியாது என்பதை இளையோர் பணியாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்துகொண்டனர். ஒரே படத்துக்கு மூன்று விதமாக விளக்கம் எழுதச் சொல்வார்கள். படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, எஞ்சியது என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஒளிப்படக் கருவியைக் கையில் கொடுத்து, தெருவில் பத்துப்பேரிடம் கருத்துக் கேட்டு இரண்டு நிமிடப் படமாக்கி வரச் சொல்வார்கள். எட்டுப்பேரின் பேச்சைத் தானே வெட்டி எறிந்த பிள்ளைக்கு, தொலைக்காட்சிச் செய்தியில் வெட்டப்பட்டவை யாவை என்ற ஐயம் தானாகவே எழும். 1984 சனவரி முதலாம் நாள் லுட்விக்ஸ்காபனில் தொடங்கிய ‘திறந்த அலைவரிசை’ போன்ற குடிமக்கள் தொலைக்காட்சிகளும், நோர்ட்றைன் வெஸ்ட்பாலனின் உள்ளூர் வானொலிகளில் குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்ட நேரமும் இப்பயிற்சிக்குக் களமாயின. அதே மாநிலத்தில் 2011இல் தொடங்கிய ஊடகச் சாரணர் திட்டத்தில், பயிற்சி பெற்ற மாணவர்கள் தம் பாடசாலையின் ஏனைய மாணவர்களுக்கு ஆலோசனை கூறுகின்றனர்.

இதற்குச் சட்டமும் துணைநிற்கிறது. 1990–91இல் நடைமுறைக்கு வந்த சிறுவர், இளையோர் உதவிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தீங்கு பயக்கும் தாக்கங்களிலிருந்து இளையோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவும் விமர்சித்து முடிவெடுக்கவும் அவர்களை வல்லவர்களாக்க வேண்டும் என்கிறது. 11ஆம் பிரிவு இளையோர் பணி பற்றியது. இளையோரின் விருப்பங்களிலிருந்தே அது தொடங்கவேண்டும் என்பதும், அதனை அவர்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். எம்மவர் பலர் ‘யூகென்ட்சென்ட்ரும்’ என்ற பெயரைக் கேட்டதும், அங்கு மேசைப்பந்து விளையாடிப் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர். மேசைப்பந்தும் உண்டுதான். ஆயின் அதற்கு அடுத்த அறையில் வானொலி நிகழ்ச்சி தயாராகிக்கொண்டிருக்கக்கூடும்.

ஆனால் கற்றதற்குச் சான்று வேண்டும் அல்லவா? ஊடகக் கல்விச் சங்கமும் நடுவண் குடும்ப அமைச்சும் 2001 முதல் டீற்றர் பாக்கவின் பெயரால் பரிசு வழங்கி வருகின்றன. அது திட்டங்களுக்கே உரியது, தனிப்பட்ட பிள்ளைக்கு அன்று. பிள்ளையின் கையில் கிடைக்கக்கூடியவை வேறு. பண்பாட்டுக் கல்விக்கான நாடளாவிய கூட்டமைப்பு உருவாக்கிய ‘கொம்பெற்றென்ஸ்நாக்வைஸ் குல்ற்றூர்’ அவற்றுள் ஒன்று. நாடகம், இசை, நடனம், ஊடகம் முதலிய திட்டங்களில் ஈடுபடும் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அது வழங்கப்படுகிறது. புள்ளி இல்லை, தரவரிசை இல்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் பிள்ளையோடு அமர்ந்து, நீ என்ன செய்தாய், அதில் உன் ஆற்றல் எங்கே வெளிப்பட்டது என்று உரையாடி, இருவருமாகச் சேர்ந்தே எழுதுவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் இளையோர் திட்டங்களில் பங்குபற்றுவோருக்கு 2007 முதல் ‘யூத்பாஸ்’ என்ற சான்று உண்டு. சங்கங்களில் ஊதியமின்றிப் பணிபுரியும் இளைஞருக்கு 1999 முதல் நாடெங்கும் செல்லுபடியாகும் ‘யூலைக்கா’ அட்டை உண்டு.

இச்சான்றுகள் வதிவிட உரிமை தருவன அல்ல. அவ்வாறு எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் குறைந்த ஒரு பாடசாலை அறிக்கையின் அருகே, இப்பிள்ளை குழுவை நடத்தியது, பேட்டி எடுத்தது, ஒரு செய்தியின் மூலத்தைத் தேடி உறுதிசெய்தது என்று சொல்லும் தாள் ஒன்று இருப்பது சிறு விடயமன்று. இரண்டாவது மொழியில் படித்துப் புள்ளியிழந்த பிள்ளைக்கு அதன் பெறுமதி இன்னும் அதிகம்.

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் இதில் பின்தங்கி நிற்கின்றன என்றே நாம் கருதுகிறோம். ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதுவதும், விழாவைப் படம்பிடித்துத் தொகுப்பதும், மலர் அச்சிடுவதும் பிள்ளைகளே. விழா முடிந்ததும் ஒரு கிண்ணமும் கைதட்டலும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. எமது ஆசிரியருள் ஓரிருவர் ஆலோசகருக்கான பயிற்சியைப் பெற்றால், அதே விழாவேலையை யேர்மனியத் தொழில் முதலாளி ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய சான்றாக மாற்றலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இச்சான்று வேலை முடிந்தபின் கேட்டுப் பெறுவதன்று. வேலை நடைபெறும்போதே ஆலோசகர் உடனிருந்து அவதானிக்க வேண்டும். ஆகவே அடுத்த விழாவுக்கான ஒத்திகை தொடங்குமுன்னரே அவரை அழைத்து உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.