பித்தானுக்கும் ஒரு பரிசோதனை

தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஒரு நாணய அளவில் கருத்துத் தடித்த தோல். வியர்த்தால் பொறுக்க இயலாத அரிப்பு. தோல் மருத்துவப் பிரிவுக்கு இப்படி வருவோருள் பலர் அதனைப் படர்தாமரை என்றே கருதியிருப்பர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பை வாரக்கணக்கில் பூசியிருப்பர். களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு சில நாட்கள் அடங்கும். பூசுவதை நிறுத்தியதும் மீண்டும் தலைதூக்கும். இத்தகையோரிடம், அன்றாடம் அணியும் ஜீன்ஸின் பித்தான் எங்கே படுகிறது என்று நாங்கள் கேட்கிறோம். தடிப்பும் பித்தானும் ஒரே இடத்தில் பொருந்தினால், நோயின் காரணம் ஆடையிலேயே இருக்கக்கூடும்.

பித்தான், ஜிப், கொக்கி, பிரஸ் பட்டன், ஊக்கு ஆகியவை பெரும்பாலும் பித்தளை அல்லது எஃகினால் செய்யப்பட்டு, பளபளப்புக்காகவும் துரு ஏறாதிருக்கவும் முலாம் பூசப்படுகின்றன. அம்முலாமில் நிக்கல் இருப்பது வழக்கம். வியர்வையின் உப்பு நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் புகும்போது, சிலருடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் அதனைப் பகையெனப் பதிவு செய்துகொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு முறை பட்டாலும், ஓரிரு நாட்கள் கழித்து அரிப்பும் சிவப்பும் நீர்க்கசிவும் தோன்றும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆகவே, வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை.

ஐரோப்பா இதனைப் பட்டறிந்தே கற்றது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், காலுறையைத் தாங்கும் உலோகக் கவ்விகளால் பெண்களின் தொடையில் தோலழற்சி தோன்றியது. 1970களில் ஜீன்ஸ் பித்தானால் அது வயிற்றுக்கு வந்தது. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் பொது விதி ஒன்றை வகுத்தது. தோலில் நெடுநேரம் படும் பொருள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடலாகாது என்பதே அவ்விதி. ஆடைப் பித்தான்களும் ஜிப்புகளும் அதில் பெயர் சுட்டியே குறிக்கப்பட்டுள்ளன. உலோகத்தில் எவ்வளவு நிக்கல் உள்ளது என்பதைவிட, எவ்வளவு வெளியேறுகிறது என்பதையே விதி அளவிடுகிறது என்பது கருதத்தக்கது.

அளவிடும் முறையும் எளிதில் விளங்குவதே. உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம் சேர்த்துச் செயற்கை வியர்வை தயாரிக்கின்றனர். அதில் பித்தானை 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரம் ஊறவைத்து, கரைந்து வந்த நிக்கலைக் கருவியால் அளக்கின்றனர். முலாம் பூசிய பித்தானாயின், ஊறவைக்கும் முன்னரே அரிப்புக்கும் தேய்மானத்துக்கும் உட்படுத்தி, ஈராண்டு அணிந்த நிலையை உண்டாக்குகின்றனர். புதிதாக இருக்கையில் தேறும் பித்தான், முலாம் தேய்ந்தபின் தவறக்கூடும் அன்றோ?

குழந்தைகளின் ஆடையில் கவலை வேறு வகையானது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் இடும். அமெரிக்க விதிப்படி, உட்புற விட்டம் 31.7 மில்லிமீட்டர் கொண்ட ஒரு சிறு உருளையினுள் முழுமையாக அடங்கும் பொருள், மூச்சை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். பிரஸ் பட்டனின் எந்தப் பகுதியும் அதில் எளிதாக அடங்கிவிடும். ஆதலின், அது துணியிலிருந்து கழன்று வராதிருப்பதே காப்பு. பித்தானைக் கவ்வியால் பற்றி, குறித்த விசையுடன் இழுத்துச் சோதிக்கின்றனர். பொம்மைகளுக்கான ஐரோப்பிய நெறியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு அவ்விசை 90 நியூட்டன்; ஏறத்தாழ 9 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது. பல வேளைகளில் தவறுவது உலோகமன்று, துணியே. மெல்லிய பின்னலாடையில் உள்துணி வைக்காமல் அடித்த பிரஸ் பட்டன், துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் குழந்தை ஆடைகள், வாங்கும் நாட்டின் விதிகளுக்கேற்பச் சோதிக்கப்படுகின்றன. ஆயினும், நாம் கடைத்தெருவில் வாங்கும் ஒவ்வோர் ஆடையும் இச்சோதனைகளைக் கடந்து வந்தது எனக் கொள்ள இயலாது. எஞ்சிய சோதனையை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம்.

குழந்தையின் ஆடையைத் துவைத்து மடிக்கும்போது, ஒவ்வொரு பித்தானையும் விரலால் பற்றி இழுத்துப் பாருங்கள். ஆடினாலோ, சுற்றிலும் துணி நைந்திருந்தாலோ, அதனை அகற்றிவிட்டு நாடா தைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ஆடையில் ஊக்கு குத்த வேண்டா. குழந்தை எதையேனும் விழுங்கியதாக ஐயம் எழுந்தால், தொண்டைக்குள் கண்மூடித்தனமாக விரலை விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள்.

பெரியவர்கள், பித்தானின் உட்புறத்தைப் பருத்தித் துணியால் மூடித் தைத்துக்கொள்ளலாம். உள்ளாடையை இடுப்புக்கு மேல் வருமாறு அணியலாம். நகப்பூச்சு பூசுவது சில நாட்களுக்கே உதவும். காந்தத்தால் சோதிப்பதை நம்ப வேண்டா. பித்தளைமீது மெல்லிய நிக்கல் முலாம் பூசிய பித்தானைக் காந்தம் பெரும்பாலும் ஈர்ப்பதில்லை. இதற்கெனவே டைமெத்தில்கிளையாக்சைம் என்னும் கரைசல் உண்டு. அதில் தோய்த்த பஞ்சினால் பித்தானைத் தேய்க்கையில் பஞ்சு இளஞ்சிவப்பானால், நிக்கல் வெளியேறுகிறது என்று பொருள். ஒவ்வாமையை உறுதி செய்ய, முதுகில் மருந்து ஒட்டி இரு நாட்கள் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை உதவும். அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லுமுன் உங்கள் ஆடையைக் களைந்து, நாடா கட்டிய அங்கியை அணியுமாறு நாங்கள் கேட்பதும் இப்பொருத்திகளின் பொருட்டே. எஃகு ஊக்கை அக்காந்தம் இழுக்கும். உலோகம் சூடேறித் தோலைச் சுடவும் கூடும். மார்பு எக்ஸ்ரேயில், கொக்கியின் நிழல் நுரையீரலின் ஒரு பகுதியை மறைத்துவிடும். தாலியிலோ வளையலிலோ கோத்துவைத்த ஊக்கினை மறந்துவிடாமல் எங்களிடம் கூறுங்கள், கூச்சம் வேண்டா.

ஆறாத அரிப்புடன் தோல் பிரிவுக்கு வரும்போது, பூசிய களிம்பின் குழாயையும், வழக்கமாக அணியும் ஆடையையும் உடன் கொண்டு வாருங்கள். காரணம் பித்தானே எனில், அதனை நீக்கினாலன்றி எந்தக் களிம்பும் நிலையான பயன் தராது.