காணாத அவையோர்

நாடகம் என்பது நடிப்போர் மட்டும் கூடி ஆக்குவதன்று. காண்போரும் உடனிருந்து ஆக்குவதாகும். இவ்வுண்மையை அறிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் ஓரிரவு தெருக்கூத்துக் கண்டவர் எவரும் இதனை நன்கு அறிவர்.

அறுவடை முடிந்த வயலிலோ, கோவில் திடலிலோ மக்கள் பாய் விரித்து அமர்ந்திருப்பர். இரவு முதிரும் வேளையில் மத்தளம் முழங்கும். ஆர்மோனியமும் தாளமும் அதனுடன் சேரும். இருவர் திரைச்சீலையைப் பிடித்து நிற்க, அதன் பின்னின்று வேடதாரி பாடித் தம் வரவை அறிவிப்பார். அவர் இன்னார் என வினவி அவைக்கு அறிமுகம் செய்பவன் கட்டியங்காரன். அவன் துரியோதனனுடைய அவையில் நின்றுகொண்டே அவ்வூர்க் கிணற்றையும் சந்தையையும் பற்றிப் பேசுவான், கூட்டம் நகைக்கும். நகைப்பு ஓங்கினால் அவன் பேச்சும் நீளும். முன்வரிசைச் சிறுவர்கள் உறங்கத் தொடங்கினால் மத்தளம் உரத்து ஒலிக்கும். ஒரு பாட்டு அவையோரின் உள்ளத்தை உருக்குமாயின் அதே பாட்டு மீண்டும் எழும். கூத்து விடியும்வரை நீள்வதற்குக் கதையின் நீளம் மட்டுமே காரணமன்று.

மேடை நாடகத்திலும் இதே முறை விளங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய இசை நாடகங்களை வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகையின்றியே ஒரே மேடையில் கூடி நடித்தனர். பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டாக எழும். எவர் எவ்வளவு நேரம் பாடுவது என்பதை அவையோரின் கைதட்டலே வரையறுத்தது. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும், எஸ். ஜி. கிட்டப்பாவும் புகழ்பெற்றது இத்தகைய மேடைகளிலேயாகும்.

இவ்வாறு நேர்நின்று நடிக்கும் கலையைத் தொலைவில் உள்ளோர்க்கும் அனுப்ப இயலுமா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று சேலத்திலேயே உருவாயிற்று.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் என்பார் இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பியவர். அவர் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தை நிறுவினார். அதன் முதற் படம் ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. அவற்றுள் ஒன்று 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதையின் கருவைக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய மேடை நாடகமே அவ்வாறு படமாயிற்று. கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிவிட முயலும் கட்டம் அதில் உண்டு. மேடையில் மலை எனின் அது தீட்டிய திரைச்சீலையே. படத்திலோ காண்போர் மெய்யாகவே மலையேறினர். அக்கட்டத்திற்குரிய பாட்டைப் பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். திரையில் அதற்கு வாயசைத்தவர்கள் எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். குரல் ஓரிடத்தில் ஒரு நாளிலும், உடல் மற்றோரிடத்தில் வேறொரு நாளிலும் பதிவு செய்யப்பட்டு ஒன்றாகப் பொருத்தப்பட்டன. பிழை நேர்ந்தால் மீண்டும் எடுக்கலாம். எனவே படம் குற்றம் குறைந்து விளங்கும். ஆனால் காண்போர் கைதட்டும்போது நடிகர் அங்கில்லை.

மற்றொரு விடை வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஒலிநாடாவில் பதிவு செய்யும் முறை பரவுதற்கு முன்னர், வானொலி நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. நடிகர்கள் ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்று, கையிலுள்ள தாளைப் பார்த்து வசனம் பேசுவர். பேசிய சொல் அந்நொடியே நெடுந்தொலைவு செல்லும். காலம் ஒன்றாயிற்று; ஆயினும் காட்சி இல்லை.

காட்சியும் பாட்டும் அந்நொடியிலேயே தொலைவுக்குச் செல்ல வழிவகுத்தது தொலைக்காட்சி. நம் நாட்டில் தில்லியில் 1959-இலும் சென்னையில் 1975-இலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. அமெரிக்க நாட்டில் அதற்கு முன்னரே, 1950-களில், பெரிய இசை நாடகங்களை நேரடியாக ஒளிபரப்பும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. நியூயார்க் நகரில் பிராட்வே என்றொரு நெடிய சாலை உண்டு. அதனைச் சுற்றியுள்ள அரங்குகளில் நடைபெறும் நாடகங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. பாட்டும் ஆடலும் கதையும் கலந்த அவ்விசை நாடகங்கள், நம் நாட்டு மேடை நாடகங்களுக்கு ஒருவகையில் உறவினவே எனலாம்.

அங்கே 1954-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பீட்டர் பான்’ என்னும் இசை நாடகம் அரங்கேறிற்று. என்றும் வளராத சிறுவன் ஒருவனின் கதை அது. அச்சிறுவனாக நடித்தவர் மேரி மார்ட்டின் என்னும் அம்மையார். கண்ணுக்குத் தெரியாத கம்பியால் கட்டப்பெற்று அவர் அரங்கின் மேல் பறந்தார். 1955 பிப்ரவரியில் மேடை நாடகம் நிறைவுற்றது; மார்ச் 7-ஆம் நாள் அதே நாடகத்தை என்.பி.சி. என்னும் நிறுவனம் தன் நிலையத்திலிருந்து வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பியது. அதனைக் கண்டவர் தொகை 6 கோடியே 50 லட்சம் எனக் கணக்கிடப்பட்டது. பிராட்வே அரங்கொன்றை ஆண்டு முழுதும் நாள்தோறும் நிரப்பினாலும் இத்தொகையில் சிறு பங்கினைத்தானும் எட்ட இயலாது.

இந்நாடகத்தின் இறுதிப் பகுதியில் ஓர் அரிய கட்டம் உண்டு. பீட்டருக்குத் துணையான டிங்கர் பெல் என்னும் சின்னஞ்சிறு தேவதை நஞ்சுண்டு மடியும் நிலையில் கிடக்கிறாள். அவளது ஒளி மங்குகிறது. தேவதைகள் உண்டென நம்புவோர் கைதட்டினால் அவள் பிழைப்பாள் எனப் பீட்டர் அவையோரை வேண்டுகிறான். ஜே. எம். பாரி எழுதிய மூல நாடகம் 1904-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் இலண்டனில் முதன்முதலாக நடந்தபோது, ஆசிரியருக்கு ஓர் அச்சம் இருந்தது. ஒருவரும் கைதட்டாவிடில் என் செய்வது? எனவே, அவையினர் வாளா இருப்பாராயின் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுமாறு இசைக் குழுவினரிடம் சொல்லி வைத்திருந்தார். அதற்குத் தேவையே எழவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. பீட்டராக நடித்த நைனா பூசிகோல்ட் அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்.

ஐம்பதாண்டுகளுக்குப் பின் மேரி மார்ட்டின் அதே வேண்டுகோளைத் தொலைக்காட்சி நிலையத்தில் விடுத்தார். அவர்முன் இருந்தது காமிராவின் கண்ணாடி மட்டுமே. அதனை நோக்கி, வீடுதோறும் அமர்ந்திருந்த சிறுவர் சிறுமியரை அவர் வேண்டினார். எங்கெங்கோ இருந்த குழந்தைகள் தட்டும் ஓசையுள் ஒன்றேனும் அவர் செவிக்கு எட்ட வழியில்லை. எனினும், அவ்வோசை கேட்டு மகிழ்ந்தவர்போல் அவர் நடித்தாக வேண்டும். தேவதையும் பிழைத்தாக வேண்டும்! கோடிக்கணக்கானோர் காண்கின்றனர், ஆனால் ஒருவர் முகமும் நடிகருக்குத் தெரியாது. நேரடி ஒளிபரப்பின் வலிமையும் குறையும் இந்த ஒரு கட்டத்திலேயே விளங்கக் காணலாம்.

இனி, இத்தகைய ஒளிபரப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நோக்குவோம். மேடைக்கு முகம் ஒன்றே. நடிகர் அவையை நோக்கி நின்றால் போதும். தொலைக்காட்சி நிலையத்திலோ காமிராக்கள் பல. ஒன்று கூட்டமாக ஆடுவோரைக் காட்டும். மற்றொன்று பாடுபவரின் முகத்தை மட்டும் காட்டும். இயக்குநர் தனியறையில் அமர்ந்து எல்லாக் காமிராக்களின் காட்சிகளையும் ஒருசேரப் பார்ப்பார். எந்த அடியில் எந்தக் காட்சி மாற வேண்டும் என்பதைப் பாட்டின் தாளத்தோடு பொருத்தி முன்னரே வகுத்து வைத்திருப்பார். ஒரு காமிரா மற்றொன்றின் காட்சிக்குள் நுழைந்துவிடலாகாது. காமிராவைத் தொடர்ந்து இழுபடும் கம்பிவடம் ஆடுவோரின் காலில் சிக்கலாகாது. விளம்பர இடைவேளையே உடை மாற்றுதற்குக் கிடைக்கும் நேரம். அதுவும் சில நிமிடங்களே. அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டுமாறு கையை ஓங்கி நடித்துப் பழகியவர், அருகில் நிற்கும் காமிராவின்முன் விழியசைவால் நடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இடநெருக்கடி சில சமயம் வியப்பூட்டுவதாக இருந்தது. ராட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் என்னும் இருவர் தொலைக்காட்சிக்கெனவே இயற்றிய ‘சிண்டரெல்லா’ 1957-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனத்தால் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. நடிகர் 56 பேர், இசைவாணர் 33 பேர், பணியாளர் 80 பேர், பெருத்த வண்ணக் காமிராக்கள் 4: இவ்வளவும் ஒரு நிலையத்துள் அடங்க வேண்டியிருந்தன. அரண்மனை விருந்தும் அடுக்களையும் சில அடி தூரத்தில் நின்றன. தலைவியாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் அந்நாளில் பிராட்வேயில் வேறொரு நாடகத்திலும் நடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அதனைக் கண்டோர் 10 கோடியே 70 லட்சம் பேர் என்பர். வண்ணத்தில் ஒளிபரப்பான அந்நாடகத்தின் கறுப்பு வெள்ளைப் படியே இன்று எஞ்சியுள்ளது.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் நாடா பரவியதும் இம்முயற்சி அருகிற்று. பதிவு செய்து திருத்தி ஒளிபரப்ப இயலும்போது இடர்ப்பாட்டை எவர் விரும்புவர்? எனினும் 2013 டிசம்பர் 5-ஆம் நாள் என்.பி.சி. நிறுவனம் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பிப் பழைய வழக்கத்தைப் புதுப்பித்தது. 1 கோடியே 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். ஆனால் நிலையத்துள் அவையோர் இல்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்தபின் கைதட்டல் எழ வேண்டிய இடத்தில் வெறும் அமைதியே நிலவிற்று. அவ்வமைதி நடிகர்க்கு மட்டுமன்று, வீட்டிலிருந்து கண்டோர்க்கும் உறுத்தியது.

2016 ஜனவரி 31-ஆம் நாள் ‘கிரீஸ்’ நாடகத்தை ஒளிபரப்பியவர்கள் இக்குறையை நீக்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே பரந்த படநிலையம் ஒன்றில் பல காட்சியிடங்களை அமைத்து, மக்களையும் காட்சிகளுக்குள்ளேயே அமர்த்தினர். பள்ளி விளையாட்டரங்கில் நடனம் நடந்தபோது சுற்றிலும் ஆரவாரித்தவர்கள் மெய்யான அவையோரே. அன்று மழை பெய்தது. திறந்தவெளியில் தொடங்கவிருந்த ஆடல் நிற்கவில்லை, குடைகளும் ஆடலில் சேர்ந்துகொண்டன. கூத்துத் திடலில் தூறல் கண்டு துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் ஊர் மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆயினும் நேரடி ஒளிபரப்பு என்பது பெயரளவிலேயே நின்ற நாளும் உண்டு. 2019 ஜனவரி 27-ஆம் நாள் ‘ரென்ட்’ என்னும் இசை நாடகம் ஒளிபரப்பாக இருந்தது. முன்னாள் இரவு நடந்த முழு ஒத்திகையின் இறுதியில் முதன்மை நடிகர் ஒருவரின் கால் முறிந்தது. மறுநாள் மக்கள் கண்டது பெரும்பாலும் அவ்வொத்திகையின் பதிவையே. இறுதிப் பகுதி மட்டுமே நேரடியாகச் சென்றது. ஆனால் அந்நிலையத்திற்கு வந்திருந்த அவையோரை வெறுங்கையோடு அனுப்ப நடிகர்களுக்கு மனமில்லை. ஒளிபரப்பில் இடம்பெறாவிடினும் அவர்கள்முன் அப்பாட்டுகளை மேடையில் பாடினர். காலொடிந்த நடிகரும் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். நாடு முழுவதும் ஒளிப்பதிவைக் கண்டுகொண்டிருக்க, மெய்யான நாடகத்தைக் கண்டவர்கள் அந்தச் சிலரே.

மாடர்ன் தியேட்டர்ஸ் நிலையம் இன்று இயங்கவில்லை. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு எஞ்சிற்று. ஆனால் தெருக்கூத்து அச்சமவெளியில் இன்றும் நடைபெறுகிறது. இப்போது திடலின் ஓரத்தில் கைபேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, கூத்தினை இணையத்தின் வழியே அந்நொடியே அனுப்புவோரும் உளர். பிழைப்பு நாடி வெளியூர் சென்றோரும் கடல் கடந்து வாழ்வோரும் தம் ஊர்க் கூத்தைக் காண இதனால் வழி பிறந்துள்ளது. அக்கைபேசிக்கு ஒரே இடம், ஒரே பார்வை. காட்சி மாற்ற இயக்குநர் இல்லை. கட்டியங்காரனோ அதன் பக்கம் திரும்புவதில்லை. பாயில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரை விளித்து வினா ஒன்று தொடுக்கிறான். அவர் சொல்லும் மறுமொழி கைபேசியில் தெளிவாகக் கேட்பதில்லை, திடல் முழுதும் நகைப்பதே கேட்கிறது.