உணவுக்குழாய்ப் புற்றுநோய்: புரோட்டான், ஃபோட்டான் கதிர்வீச்சுச் சிகிச்சைகள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்பட்ட நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தினரும் "புரோட்டான் சிகிச்சைக்குச் செல்ல வேண்டுமா?" எனக் கேட்பதுண்டு. முடிவெடுக்கும் முன் கீழ்க்காணும் விவரங்களை அறிந்துகொள்ளுங்கள்.

வேறுபாடு என்ன?

பெரும்பாலான மருத்துவமனைகளில் அளிக்கப்படுவது ஃபோட்டான், அதாவது எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை. இக்கதிர் கட்டியைக் கடந்து மறுபுறம் வெளியேறும். புரோட்டான் துகள்கள் குறிப்பிட்ட ஆழத்தில் தம் ஆற்றலின் பெரும்பகுதியை வெளியிட்டு நின்றுவிடும். உணவுக்குழாய் இதயத்திற்குப் பின்னால், நுரையீரல்களுக்கு இடையே அமைந்துள்ளது. எனவே, புரோட்டான் முறையில் இவ்வுறுப்புகள் பெறும் கதிர்வீச்சு குறைகிறது.

பலன் எவ்வாறு?

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோட்டான் முறையில் பக்கவிளைவுகளின் மொத்தச் சுமை புரோட்டான் முறையைவிட ஏறத்தாழ 2.3 மடங்கு அதிகமாக இருந்தது. ஆயினும், மூன்றாண்டு உயிர்வாழ்வு விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆகவே, ஃபோட்டான் சிகிச்சை பெறுவதால் குணமடையும் வாய்ப்பு குறைந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை.

செஞ்சி வட்டாரத்தினர் எங்கே செல்லலாம்?

புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவற்றில் ஃபோட்டான் சிகிச்சை அளிக்கப்படுகிறது. புரோட்டான் வசதி சென்னை தரமணியில் ஒரு தனியார் மையத்தில் 2019 முதல் உள்ளது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்திலும் உள்ளது. இதன் கட்டணம் மிக அதிகம்.

எந்த முறையானாலும், வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து முதல் ஆறு வாரங்கள் சிகிச்சை தொடரும். பெரும்பாலும் கீமோதெரபியும் உடன் அளிக்கப்படும். தங்குமிடம், பயணம், உடனிருப்பவர் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்

• என் இதயத்திற்கோ நுரையீரலுக்கோ முன்பே பாதிப்பு உள்ளதா?
• அப்பகுதியில் ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்றுள்ளேனா?
• புரோட்டான் முறையால் எனக்குத் தனிப்பட்ட நன்மை உண்டா?
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும்?

நினைவில் கொள்க

புரோட்டானுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தாமதப்படுத்தாதீர்கள். நிலத்தையோ நகையையோ விற்கும் முன் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்தாலோசியுங்கள். தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். தண்ணீரும் விழுங்க இயலாமை, காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்த வாந்தி ஏற்பட்டால் உடனே மருத்துவமனையை அணுகுங்கள். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள்.