கடலுக்குள் போனால் சிக்னல் போவது ஏன்? மீனவர் படகும் ‘மெட்டாமெட்டீரியல்’ ஆன்டெனாவும்

திருச்செந்தூர் அமலிநகரிலோ ஆலந்தலையிலோ கரையில் நின்றால் செல்போனில் சிக்னல் ஃபுல்லா இருக்கும். அதே போனோடு படகில் ஏறி உள்ளே போகப் போக, ஒவ்வொரு கோடாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமே இருக்காது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. காரணம் இந்தத் தொடர்பு இல்லாததுதான்.

வாக்கி டாக்கி இருக்கிறதே?

இருக்கு. ஆனால் அந்த விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. படகில் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டினால் சுமார் 8 கி.மீ.தான் எட்டும். எதிரே உள்ள படகிலும் அதே உயரம் என்றால் 16 கி.மீ. அதற்கு மேல் கட் ஆயிடும்.

அதனால்தான் செயற்கைக்கோள். 1 லட்சம் படகுகளில் இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் ரூ.364 கோடி திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. புயல் எச்சரிக்கை படகுக்கு வரும், ஆபத்து என்றால் படகிலிருந்தும் தகவல் போகும். 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் இஸ்ரோவின் ஜிசாட்-6, குடை போல விரியும் 6 மீட்டர் ஆன்டெனாவைச் சுமக்கிறது. மேலே பெரிய காது இருந்தால், கீழே சின்ன வாய் போதும்!

இன்னும் சின்னதாக்க முடியாதா?

இங்கேதான் சிக்கல். ஆன்டெனாவின் நீளம் பொதுவாக அலைநீளத்தில் பாதி. கடல் அவசர அழைப்புக்கான 156.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.9 மீட்டர், ஆகவே கம்பி கிட்டத்தட்ட 95 செ.மீ. வேண்டும். இஷ்டத்துக்கு வெட்டினால் திறனும் குறையும், கையாளும் அலைவரிசை அகலமும் சுருங்கும். இந்த எல்லையை 1948-லேயே சூ என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

இதைச் சமாளிக்கத்தான் மெட்டாமெட்டீரியல் ஆராய்ச்சி. இது புது உலோகம் இல்லை. அலைநீளத்தைவிடச் சிறிய செம்பு வளையங்களைப் பலகையில் வரிசையாகப் பதிப்பார்கள், அவ்வளவுதான். செம்பு செம்புதான், ஆனால் வளையத்தின் வடிவம் அலையை இயற்கைப் பொருட்கள் செய்யாத விதத்தில் வளைக்கும். பக்கத்தில் உள்ள சின்ன ஆன்டெனா, பெரியது போல அதிரும். பிரிட்டனின் ஜான் பென்ட்ரி 1999-ல் இந்த வளைய யோசனையை முன்வைத்தார்.

ஆனால் இதற்கு நூறு வருஷம் முன்னாடியே, 1898-ல், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணல் வழியாக மைக்ரோஅலையை அனுப்பிப் பார்த்தார். வலப்பக்கம் முறுக்கினால் அலையின் தளம் ஒரு பக்கம் திரும்பியது, இடப்பக்கம் முறுக்கினால் மறுபக்கம். சாதாரண சணல்தான், வேலை செய்தது அந்த முறுக்கு!

படகுக்கு எப்போ வரும்?

மெட்டாமெட்டீரியல் தட்டை ஆன்டெனாக்கள் வெளிநாட்டில் விற்பனைக்கே வந்துவிட்டன, ஆனால் விலை நாட்டுப்படகுக்காரர் தொடும்படி இல்லை. வளையங்களிலேயே கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாவதும், ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் நன்றாக வேலை செய்வதும் இன்னும் தீராத தலைவலி. இப்போதைக்குப் படகில் இருக்கப்போவது அந்த டிரான்ஸ்பாண்டர் பெட்டிதான்.